கதைக்காதே என்னும் வகுப்பறையில் கேட்டலும் பேசுதலும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஆரம்பப் பாடசாலைகளில், ஆசிரியர் சற்று வெளியே செல்ல நேரும்போது வகுப்புத் தலைவர் செய்யும் முதல் வேலை, கதைத்தவர்களின் பெயர்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பதாகும். திரும்பி வரும் ஆசிரியர் அப்பட்டியலைப் பார்த்துக் கண்டிப்பார். இது வன்னிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கண்டியிலும் இதே நிலைதான். ஆனால் அந்த ஆசிரியரின் மேசையில் இருக்கும் ஆசிரியர் வழிகாட்டி, தாய்மொழிக்குரிய திறன்களை செவிமடுத்தல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்ற ஒழுங்கில் தருகின்றது. முதலிரு திறன்களுக்கும் வகுப்பறையில் கிடைக்கும் இடம் மேற்படி பட்டியல் மட்டுமே எனில், பின்னிரு திறன்களும் எந்த அத்திவாரத்தின் மீது எழுப்பப்படுகின்றன என்ற கேள்வி எழுகின்றது.

இங்கே சொல் சார்ந்த ஒரு வேடிக்கையும் உண்டு. ஈழத்துத் தமிழரின் அன்றாட வழக்கில் உரையாடுதலைக் குறிக்கும் சொல் 'கதைத்தல்' ஆகும். 'பேசுதல்' என்றால் ஏசுதல். "அம்மா பேசுவா" என்று ஒரு பிள்ளை சொன்னால் தாய் கண்டிப்பார் என்றே பொருள். ஆக, பாடசாலை எதைத் தடை செய்கின்றதோ அதுவே பிள்ளை அறிந்த சொல். எதைக் கற்பிக்கப் போவதாகச் சொல்கின்றதோ அது பிள்ளையின் காதில் வசவாக விழும் சொல். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கோ பேசுதல் என்பது பேசுதலேதான். ஒரே வகுப்பில் ஒரே பாடநூல் இருவருக்கும் இரு வேறு விதமாக ஒலிக்கின்றது.

1997 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இவ்விடயத்தில் தெளிவாகவே இருந்தது. 1998 இல் கம்பஹா மாவட்டத்தில் தரம் 1 இல் முன்னோடியாகத் தொடங்கி, 1999 இல் நாடு முழுவதற்கும் விரிக்கப்பட்ட அத்திட்டம், ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மிகுந்திருக்க வேண்டும், மேசையில் இருந்து எழுதும் வேலை குறைந்திருக்க வேண்டும், தரம் உயர உயர அவ்விகிதம் மாற வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற நான்கு பாடங்களிலும் பிள்ளை கேட்டும் சொல்லியும் கற்க வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆங்கிலத்தைக் கூட எழுத்தில்லாமல், செயற்பாட்டு அடிப்படையிலான வாய்மொழி ஆங்கிலமாகவே தரம் 1 இல் அறிமுகம் செய்தனர். பிறமொழிக்கு வாய்மொழி என்று பெயர் சூட்டி இடம் ஒதுக்கிய கல்வித்திட்டத்தின் கீழ், தாய்மொழிப் பாடவேளை மட்டும் நடைமுறையில் அரிச்சுவடியாகவும் சொல்வதெழுதலாகவும் சுருங்கியது நமது முறைமையின் விசித்திரங்களுள் ஒன்று.

அச்சீர்திருத்தம் நாடெங்கும் பரவிய 1999 இல் வன்னி எந்நிலையில் இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்த பாடசாலைகள் மரநிழலிலும் கொட்டில்களிலும் இயங்கிக்கொண்டிருந்தன. பொருளாதாரத் தடையின் கீழ் மின்கலம் போன்ற சாதாரணப் பொருள்கள் கூடக் கிடைக்கவில்லை. விளையாட்டு மூலைக்கும் செயற்பாட்டுப் பொருளுக்கும் எங்கே போவது? பின்னர் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைத் தாக்கியது. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகள் முழுச் சமூகத்தையும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கொண்டுவந்து நிறுத்தின. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்படும் வரை பல பிள்ளைகளுக்கு அதுவே பாடசாலையுமாயிற்று. அன்று அங்கே தரப்பாள் கூரையின் கீழ் எழுத்துக் கூட்டியவர்களுள் பலர் இன்று தாயராகவும் தந்தையராகவும் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளே இப்போது ஆரம்பப் பிரிவுக்கு வருகின்றனர். வாயைத் திறவாதிருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை, தன் பிள்ளைக்கு வீட்டில் எவ்வளவு கதை சொல்லியிருக்கும்? எல்லா வீடுகளும் அவ்வாறு மௌனமானவை என்று சொல்ல முடியாது. எனினும் தரம் 1 ஆசிரியர் இதனைக் கருத்திற் கொண்டே தன் முதல் தவணையைத் தொடங்க வேண்டும்.

வன்னியின் வகுப்பறை ஒரே தமிழைப் பேசும் வகுப்பறையுமன்று. பூர்வீக வன்னிக் கிராமத்தார், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டங்களுக்கு வந்தோர், 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நிலைத்தோர் ஆகியோர் அருகருகே வாழ்கின்றனர். வவுனியாவில் பட்டாணிச்சூர், சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் ஊர்கள் உள்ளன. முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, இரு தசாப்தங்கள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் அகதிகளாக வாழ்ந்தபின், போர் முடிந்ததும் ஒரு பகுதியினராகத் திரும்பினர். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நாவில் புத்தளத்துத் தமிழும் உடன் வந்தது.

'தாத்தா' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். "நேற்றுத் தாத்தா வந்தா" என்று ஒரு முஸ்லிம் பிள்ளை சொன்னால் வந்தவர் அக்கா. மலையக வழிவந்த பிள்ளைக்குத் தாத்தா என்பவர் பாட்டனார். சிங்கள அயலவரின் வீட்டிலோ அது தந்தை. வாப்பா, உம்மா, சாச்சா, அப்பம்மா, அம்மாச்சி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறவுச் சொற்களஞ்சியம் இருக்கின்றது. பாடநூல் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து அச்சிடுகின்றது; அச்சிடப்பட்டதே சரி என ஆசிரியர் திருத்துகின்றார். தன் வீட்டுச் சொல்லைச் சொன்னதற்காக இரண்டு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மூன்றாம் முறை வாய் திறவாது. இதற்குப் பதிலாக, "உங்கள் வீட்டில் அக்காவை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று ஆசிரியர் கேட்டாராயின், அரைமணி நேரப் பேச்சுப் பாடம் ஒரு சதமும் செலவின்றி நடந்தேறும். அந்த அரைமணி நேரத்தில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒருவரையொருவர் செவிமடுக்கவும் பழகுவர்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான இடைவெளியை மொழியியலாளர் இரட்டை வழக்கு என்பர். சார்ள்ஸ் பேர்கியுசன் 1959 இல் அதுபற்றி எழுதிய பின் தமிழ் அதற்கொரு சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. ஐந்து வயது நிறைந்து பாடசாலைக்கு வரும் பிள்ளை பேச்சு வழக்கில் முழுத் தேர்ச்சியுடனேயே வருகின்றது. எழுத்து வழக்கோ அதற்கு ஏறத்தாழப் புதிய மொழி. அதனைக் கண்ணால் வாசிக்குமுன் காதால் பல மாதங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் நாள்தோறும் ஒரு கதையை நல்ல தமிழில் உரத்து வாசிப்பதும், அதனைப் பிள்ளை தன் வழக்கில் திருப்பிச் சொல்ல அனுமதிப்பதும் இவ்விடைவெளியைக் கடக்கும் பாலமாகும். முதல் நாளிலிருந்தே "முழு வாக்கியத்தில், சுத்தமாகச் சொல்" என வற்புறுத்துவது பாலத்தில் கால் வைக்குமுன்பே பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

சொல்வதெழுதலில் நேரும் பிழைகளையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். 'மழை' என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளை 'மளை' என எழுதுகின்றது. ஈழத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. ஆசிரியரின் நாவிலும் அப்படித்தான். பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கின்றது. சிவப்பு மையால் சுழிக்கப்படும் அப்பிழை, உண்மையில் அதன் செவி கூர்மையாக உள்ளதற்கான சான்று.

பேச்சுக்கு நாம் இடமே தரவில்லையா, ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டி நடத்துகின்றோமே என்று சிலர் வினவக்கூடும். பாடசாலை, வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறும் அப்போட்டிகள் பல திறமைகளை வெளிக்கொணர்ந்துள்ளன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளையின் பேச்சை எழுதுபவர் பெரும்பாலும் ஆசிரியர் அல்லது பெற்றோர். பிள்ளை அதனை மனனம் செய்து, கற்றுக்கொடுத்த இடத்தில் கை உயர்த்தி, கற்றுக்கொடுத்த இடத்தில் குரல் தாழ்த்தி ஒப்புவிக்கின்றது. நடுவில் எவரேனும் ஒரு வினாவைக் கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். இது நினைவாற்றலுக்கும் மேடைத் துணிவுக்குமான பயிற்சி, அவையும் வேண்டியவையே. ஆனால் ஒரு வகுப்பில் ஒருவர் மேடை ஏற எஞ்சிய முப்பது பேரும் கைதட்டுவதைப் பேச்சுக் கல்வி எனக் கணக்குக் காட்டுவது சரியாகாது.

வகுப்பறையில் உண்மையில் யார் கதைக்கின்றார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் நெட் பிளாண்டர்ஸ், பாடவேளையில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் எவரேனும் பேசிக்கொண்டிருப்பர் எனவும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியரின் பேச்சே எனவும் கண்டறிந்தார். 1970 களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் இன்னும் எளிய ஒன்றை அளந்தார். வினாவைக் கேட்ட பின் ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடி அளவே. அதனை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். பிள்ளைகளே வினாக்களையும் கேட்டனர். தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை செவிமடுத்தலையும் வினவுதலையும் சேர்த்தே குறிப்பது இங்கு நினைவுகூரத்தக்கது. இரு விநாடி கூடுதலாகக் காத்திருப்பதற்கு மாகாணக் கல்வித் திணைக்களத்தின் நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

வளங்கள் குறித்த முறைப்பாடு வன்னியில் நியாயமானது. பின்தங்கிய கிராமங்களில் ஒரே ஆசிரியர் இரண்டு, மூன்று தரங்களை ஒருங்கே கவனிக்கும் சிறிய பாடசாலைகள் இருக்கின்றன. ஆனால் பேச்சுத் திறனைப் பொறுத்தமட்டில் இந்தப் பலவீனமே பலமாகவும் மாறலாம். தரம் 4 பிள்ளை தரம் 1 பிள்ளைக்குக் கதை சொல்லலாம். கேட்டதைச் சிறியது திருப்பிச் சொல்ல, பெரியது திருத்தலாம். பத்துப் பேர் உள்ள வகுப்பில் நாள்தோறும் பத்துப் பேரும் வாய் திறக்க முடியும். நாற்பது பேர் நெருங்கி அமர்ந்திருக்கும் நகரத்து வகுப்புக்கு அந்த வசதி இல்லை.

ஊரில் உள்ள செவிப் பயிற்சியையும் பாடசாலை கண்டுகொள்வதில்லை. குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் பிள்ளை, உஸ்தாதின் உச்சரிப்பைக் கேட்டு எழுத்தின் பிறப்பிடத்தையே பிரித்தறியப் பழகுகின்றது. கோவிலில் பண்ணிசை கற்கும் பிள்ளையும் தேவாலயப் பாடகர் குழுவில் நிற்கும் பிள்ளையும் அவ்வாறே. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் அருவிவெட்டுப் பாடல்களும் எழுத்தறியாதவர்களின் காதுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தவை. அவற்றைத் தெரிந்த முதியவர்கள் இன்னும் ஊர்களில் உள்ளனர். மாதம் ஒரு முறை அவர்களுள் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகள் அவரிடம் வினாக் கேட்கும்படி செய்யலாம்.

இது மொழிப் பாடத்தோடு நின்றுவிடும் விடயமன்று. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்கு வழங்கப்பட்ட காலக்கெடு 2028 ஜூன். கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலை போன்ற இடங்களில் வெடிபொருள் அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்து வந்துள்ளது. இத்தகைய நிலத்தில் வளரும் பிள்ளைக்குக் கற்பிக்கப்படுவது மிகச் சுருக்கமானது: தொடாதே, திரும்பு, பெரியவரிடம் சொல். எங்கே கண்டது, எந்த மரத்தடியில், என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று ஏழு வயதுப் பிள்ளை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். வயிற்றில் எங்கே நோகின்றது என்று மருத்துவரிடம் சொல்வதும், தன்னைத் தீண்டியவர் யாரென்று தாயிடம் சொல்வதும் இதே திறன்தான். மூத்தவர் எதிரில் வாய் பொத்தி நிற்பதே நல்லொழுக்கம் என்று பழக்கப்பட்ட பிள்ளை, துன்பம் நேரும்போது மட்டும் தெளிவாகப் பேசும் என எதிர்பார்ப்பது எவ்வாறு?

இதனை மாற்றுவதில் பெரிய தடை பரீட்சை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முழுவதும் எழுத்தில் நடப்பது. க.பொ.த. சாதாரண தரத் தமிழ்ப் பரீட்சையிலும் வாய்மொழிப் பகுதி இல்லை. புள்ளி கிடைக்காத திறனுக்குப் பெற்றோரும் நேரம் ஒதுக்கார், அதிபரும் ஒதுக்கார். தரம் 3 இலேயே மாதிரி வினாத்தாள்கள் பிள்ளையின் கைக்கு வந்துவிடுகின்றன. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளின் பட்டியலில் செவிமடுத்தலும் பேசுதலும் உள்ளன. அவதானித்து மதிப்பிடும்படி ஆசிரியருக்குச் சொல்லப்பட்டும் இருக்கின்றது. தவணை முடிவில் நினைவிலிருந்து நிரப்பப்படும் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளும் 'நன்று' பெறுகின்றனர்.

2025 இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம், 2026 இல் தரம் 1 இலிருந்தும் தரம் 6 இலிருந்தும் தொடங்குவதெனத் திட்டமிடப்பட்டது. தரம் 6 குறித்தே ஊடகங்களில் விவாதம் மிகுந்தது. தரம் 1 பற்றி அதிகம் பேசப்படவில்லை. வடமாகாணக் கல்வி அதிகாரிகள் புதிய பாடத்திட்டத்துக்காக ஆசிரியர்களை அழைக்கும் செயலமர்வுகளில், விரிவுரையைக் குறைத்து, ஒரு வகுப்பின் பத்து நிமிட ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, அதில் பிள்ளைகளின் குரல் எத்தனை விநாடி கேட்கின்றது என்று ஆசிரியர்களையே எண்ணச் சொல்லலாம். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆரம்பக் கல்வி மாணவர்கள் கற்பித்தற் பயிற்சியின்போது இதைச் செய்வதற்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும். ஆசிரிய ஆலோசகர்கள் பாடசாலைக்குச் செல்லும்போது முதலில் கேட்பது பாடக்குறிப்பேடும் பயிற்சிக் கொப்பிகளுமாக இருக்கின்றன. ஒரு வருகையிலாவது கொப்பிகளை மூடி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையிடம் நேற்று நடந்த ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும்.