ஒரே ஒரு டிக்கெட்

எர்ணாகுளம் ஜங்ஷன் ரயில் நிலையத்தை அடுத்த தெருவில் ஒரு லாட்ஜ். காலை ஏழு மணி. வரவேற்பு மேஜை முன் தோள்பையோடு நிற்கும் பெண்மணிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருடங்களாக நாக்பூரில் அரசு வேலை. பதிவேட்டில் பெயர், முகவரி எல்லாம் எழுதியாகிவிட்டது. அடையாள அட்டையின் நகலும் கொடுத்தாகிவிட்டது. மேஜைக்குப் பின்னால் இருக்கும் இளைஞருக்கு இன்னும் இரண்டு சந்தேகங்கள்.

''வேறெ ஆரும் இல்லே?''

இல்லை.

''வந்த காரியம்?''

ஊர் பார்க்க.

இந்தப் பதிலில்தான் வம்பு. ஆஸ்பத்திரி என்றிருந்தால் சாவி கிடைத்திருக்கும். ஹைகோர்ட்டில் வழக்கு என்றிருந்தாலும் கிடைத்திருக்கும். கேரள உயர்நீதிமன்றம் இந்த ஊரில்தான் இருக்கிறது. குருவாயூர் போகும் வழி என்றால் மரியாதையும் சேர்ந்து கிடைத்திருக்கும். ஒரு பெண் தன்னந்தனியாக, எந்தக் காரியமும் இல்லாமல், சும்மா சுற்றிப் பார்ப்பதற்காக முன்பின் தெரியாத ஊருக்கு வந்து இறங்குவாள் என்பதை அந்த இளைஞரால் நம்ப முடியவில்லை. உள்ளே போய் யாரையோ கலந்துகொண்டு வந்தார். அறை காலி இல்லையாம். அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் ஏழெட்டுச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

இரண்டாவது லாட்ஜில் இடம் கிடைத்தது, உறவினர் ஒருவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்ட பிறகு. அவர் தன் தம்பியின் நம்பரைக் கொடுத்தார். தம்பி அவரைவிட ஏழு வயது இளையவர்.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் பல ஊர்களில் இதுதான் நடைமுறை. தனியாக வரும் ஆணுக்கும் முழு விடுதலை கிடையாது. விடிந்ததும் கதவை உடைக்க வேண்டியிருக்குமோ என்கிற கவலையோடுதான் அவரையும் மேலும் கீழும் பார்ப்பார்கள். அறை கிடைத்தாலும் கணக்கு உதைக்கும். சுற்றுலாக்காரர்களின் விலைப்பட்டியலில் ஆளுக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். 'இருவர் தங்கினால்' என்பது கீழே பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவது ஆள் இல்லாத குற்றத்துக்கு அபராதம் தனி. ஆலப்புழையில் படகு வீட்டை ஒருவருக்காகப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். தனியாளாகப் போனாலும் படகு முழுவதற்கும் வாடகை கொடுக்க வேண்டும். அதே காயலில் நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு ஆலப்புழையிலிருந்து கோட்டயத்துக்குப் போகிறது. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம், பஸ் டிக்கெட் போல அற்பக் கட்டணம், அதே தண்ணீர், அதே தென்னை. இந்தப் படகைப் பற்றி ஏஜெண்டுகள் மூச்சு விடுவதில்லை.

தனியாக வருபவர்களுக்குக் கொச்சி தோதான ஊராக இருப்பதும் இந்தப் படகுகளால்தான். வாகனம் பேச வேண்டாம், பேரம் வேண்டாம், பங்குக்கு ஆள் தேட வேண்டாம். எர்ணாகுளம் ஜெட்டியில் வரிசையில் நின்றால் ஃபோர்ட் கொச்சிக்கு டிக்கெட். டீ விலைக்குள் முடிந்துவிடும். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் இருக்கிறது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான மின்சாரப் படகுகள், குளிர்சாதன வசதி, கண்ணாடி ஜன்னல். ஹைகோர்ட் முனையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அதிலும் போகலாம். சொகுசுதான். ஆனால் காற்று முகத்தில் அடிக்க வேண்டுமென்றால் பழைய படகே மேல்.

நாக்பூர்ப் பெண்மணி பழைய படகில்தான் ஏறினார். அவரைச் சுற்றி அலுவலகம் போகிறவர்கள், டிபன் கேரியர்கள், மீன் கூடை ஒன்று. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இடப்பக்கம் வந்த வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு. ராபர்ட் பிரிஸ்டோ என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் 1920-இல் வந்து, முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டை வெட்டி, கடல் கப்பல்கள் உள்ளே நுழைய வழி செய்தார். 1928-இல் முதல் கப்பல் உள்ளே வந்தது. படகில் யாரும் அந்தத் தீவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பார்ப்பதுதானே.

ஃபோர்ட் கொச்சியில் கால் வைத்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மலிவாகத்தான் கேட்பார்கள்; பாதி நேரம் மசாலாக் கடைகளுக்கும் கைவினைக் கடைகளுக்கும் கூட்டிப்போவதில் கழியும். கடைக்காரரிடம் அவர்களுக்குக் கமிஷன் உண்டு. நாலு பேராகப் போனால் வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இருக்கும். தனியாளால் அது முடிவதில்லை. நல்லவேளையாக ஃபோர்ட் கொச்சி நடந்தே பார்க்கக்கூடிய இடம். குடையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

கரையில் சீன வலைகள். உச்சியிலிருந்து கயிறுகளில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள்தான் எடைக்கு எடை. நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் வலை மேலே வரும். சீனர்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஒரு கட்சி, மக்காவ் வழியாகப் போர்த்துக்கீசியர்கள் என்பது இன்னொரு கட்சி. வலைக்காரர்கள் கையசைத்துக் கூப்பிட்டு, கயிற்றைப் பிடித்து இழுக்கச் சொல்வார்கள். பிறகு காசு கேட்பார்கள். கொடுப்பதில் தவறில்லை. வலையில் வரும் மீனைப் பார்த்தாலே ஏன் கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

தனியாகப் போகிறவருக்கு இங்கே இன்னொரு உத்தியோகமும் காத்திருக்கிறது: புகைப்படக்காரர். குடும்பம் குடும்பமாக வந்து போனை நீட்டுவார்கள். வலையோடு ஒன்று, வலை இல்லாமல் ஒன்று, தாத்தாவை மட்டும் தனியாக ஒன்று. அரை மணி நேரத்தில் நாக்பூர்ப் பெண்மணி ஐந்து குடும்பங்களைப் படமெடுத்துக் கொடுத்தார். அவரை எடுக்கட்டுமா என்று கேட்டது ஒரே ஒரு சிறுமி.

புனித பிரான்சிஸ் தேவாலயம் அங்கிருந்து சில நிமிட நடை. 1503-இல் போர்த்துக்கீசியர்கள் மரத்தில் எழுப்பி, பிறகு கல்லில் கட்டியது. 1524-இல் கொச்சியில் இறந்துபோன வாஸ்கோட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எலும்புகள் போர்த்துக்கல்லுக்குப் போய்விட்டன. இப்போது இருப்பது கம்பி வேலிக்குள் ஒரு கல். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுகிறது. உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால்தான் நீளமான துணி விசிறிகள் தெரியும். துரைமார்கள் வியர்க்காமல் ஜெபம் செய்வதற்காக, சுவருக்கு வெளியே வெயிலில் நின்று இவற்றின் கயிற்றை ஆட்கள் இழுத்தார்கள். கயிறு வெளியே போகும் வழி இன்னும் இருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கு பஜார் ரோடு வழியாகப் போக வேண்டும். பழைய கிடங்குகள், சுக்கு வாசனை, லாரிகள். அரண்மனையை 1555-இல் கட்டி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். பிற்பாடு பழுது பார்த்தவர்கள் டச்சுக்காரர்கள். பெயரைத் தட்டிக்கொண்டுபோனது இரண்டாமவர்கள்: டச்சு அரண்மனை. அரசரின் படுக்கையறைச் சுவர்களில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக இருக்கிறது. உருவங்களுக்கு நடுவில் விரல் வைக்க இடம் விடாமல் தீட்டியிருக்கிறார்கள். ஒரு சுவருக்கே ஒரு மணி நேரம் வேண்டும். பசிக்கிறது என்று சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லாதவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரம் வாய்க்கும். வெள்ளிக்கிழமை மட்டும் போகக் கூடாது. அன்றைக்கு அரண்மனைக்கு விடுமுறை. யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை என்பதால் அன்று அடுத்த தெருவில் உள்ள ஜெப ஆலயமும் மூடியிருக்கும்.

பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் காலடியில் சீனாவிலிருந்து வந்த, கையால் தீட்டிய நீல வெள்ளை ஓடுகள். தலைக்கு மேல் பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். யூத மரபில் முழுமையான கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும். 1950-களில் தொடங்கி குடும்பங்கள் இஸ்ரேலுக்குக் கிளம்பிப் போய்க்கொண்டே இருந்ததில், அந்தப் பத்துப் பேர் சேர்வது நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இதே தெருவில் பூவேலைத் துணிக்கடை நடத்திய சாரா கோஹன் 2019-இல் தம் 96-ஆவது வயதில் இறந்தார். அந்தச் சமூகத்தின் கடைசிப் பெண்மணியான குயினி ஹல்லெகுவா 2024 ஆகஸ்டில் மறைந்தார். தெருவின் பெயர் மட்டும் இன்னும் யூதத் தெருதான். கடைகளில் பாஷ்மினா சால்வை விற்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் போன ஓட்டலில் தனி மேஜை கிடையாது. காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். எதிரே சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூன்று பேர். ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு, தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். பெரிய ஓட்டல்களில் 'ஒருவர்தானா?' என்று கேட்டு, கழிப்பறைக் கதவை ஒட்டிய மேஜையைக் காட்டும் உபசாரத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பிற்பகலில் அவர் போன இடம் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒன்று. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்கிற பகுதியில் ஒரு சலவைத் துறை. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணிகளை வெளுக்கத் தமிழகப் பகுதியிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். டச்சுக்காரர்கள் போனார்கள், பிரிட்டிஷ்காரர்களும் போனார்கள், இவர்கள் இருந்தார்கள். இப்போதுள்ள துறை 1976-இல் கட்டியது. தடுப்புத் தடுப்பாகக் கல்தொட்டிகள், கஞ்சி வாசனை, கரிப் பெட்டிகள். கொடியில் கிளிப் இல்லை. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். காற்று எவ்வளவு அடித்தாலும் நழுவுவதில்லை. பாதி மலையாளமாகிவிட்ட தமிழில் ஒரு பெரியவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர் என்பது. திருநெல்வேலி என்றதும் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வி, வீட்டுக்காரர் எங்கே? லாட்ஜில் கேட்டபோது வந்த கோபம் இங்கே வரவில்லை. இல்லை என்றார். பெரியவர் தலையாட்டிவிட்டு, இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

மாலையில் கதகளி. ஐந்து மணிக்கே போய்விட வேண்டும். அரிசி மாவுக் குழம்பாலும் காகிதத்தாலும் முகத்தில் சுட்டி வைப்பதை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆட்டத்தைவிட அதுவே சுவாரஸ்யம். வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிடுகிறது. ஃபோர்ட் கொச்சியின் உள்தெருக்களில் இரவில் நடமாட்டம் குறைவு. மழை மரங்கள் தெருவிளக்கையும் மறைக்கின்றன. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அவர் கேட்டு வைத்திருந்தார்.

படகு பாதிக் காயலைத் தாண்டியபோது அவருடைய போன் அடித்தது. நாக்பூரிலிருந்து தம்பி. லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்களாம், உங்கள் அக்கா இன்னும் அறைக்குத் திரும்பவில்லை என்று. மணி எட்டுகூட ஆகவில்லை. எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று தம்பி பதறினார். படகில், நாற்பது ஐம்பது பேரோடு என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷன் பக்கம் மாநகராட்சி பெண்களுக்கென்றே ஷீ லாட்ஜ் என்று ஒரு விடுதி நடத்துகிறது. பக்கத்திலேயே குடும்பஸ்ரீ மகளிர் 2021 முதல் நடத்தும் மலிவு விலை உணவகமும் இருக்கிறது. படகில் அடுத்த இருக்கையிலிருந்த நர்ஸ் இதைச் சொன்னார். மறுநாள் காலை ஆறரைக்கு அவர் அறையைக் காலி செய்தார். போகும் இடத்தின் நம்பரைக் கேட்ட வரவேற்பாளரிடம், பதிவேட்டில் தம்பியின் நம்பரை அடித்துவிடச் சொன்னார்.