வீட்டுத் தண்ணீருக்கு வேலி வேண்டாமா?

ஜூன் 12-ந் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிந்து, பழைய தஞ்சை ஜில்லாவின் கடைசி வாய்க்கால் வரை பாயும். குளம் நிறையும். குட்டை நிறையும். உழவர் மனமும் நிறையும்.

அதே நாட்களில்தான் தாய்மார்கள் நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் வயலுக்குப் போகிறார்கள். வீட்டில் பாட்டி மட்டும் இருப்பாள். அவளுக்கு அடுப்பு வேலை. கொல்லைக் கதவு திறந்து கிடக்கும். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளை எங்கே போகும்? தண்ணீரைத் தேடித்தான் போகும்!

சத்தம் வராது

"விழுந்தால் அலறாதா? ஓடிப்போய்த் தூக்கிவிடலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலைகுப்புற விழும். தண்ணீருக்குள் வாய் போனபின் கத்த முடியாது. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிடும். இதற்குக் காவிரி வேண்டாம். துணி ஊறவைத்த வாளியே போதும்.

2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயது நிரம்பாத பிள்ளை!

கிணறு வெட்டினால் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இன்றைய வீட்டில் தண்ணீர் பல இடங்களில் நிற்கிறது. வாசலில் சம்ப் தொட்டி. வயலில் பண்ணைக்குட்டை. கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால், முற்றத்தில் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி! சாயங்காலம் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். "நாளைக்கும் ஆகுமே" என்று தண்ணீரை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆபத்து அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய நீச்சல் தொட்டி வீட்டில் இருந்தால், சுற்றிலும் 4 அடி உயரத் தடுப்பு வேண்டும். கதவு தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். தரைக்கு மேல் வைக்கும் தொட்டிக்கும் இதே சட்டம்தான்.

இங்கே சட்டமே இல்லையா? ஆழ்துளைக் கிணற்றுக்கு இருக்கிறது. முள்கம்பி வேலி, இரும்பு மூடி, அறிவிப்புப் பலகை எல்லாம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ம் ஆண்டிலேயே கூறிவிட்டது. தமிழ்நாட்டுப் பஞ்சாயத்துகளுக்கு 2015-ல் தனி விதிகளும் வந்தன. அப்படியும் 2019 அக்டோபரில், மணப்பாறைக்கு அருகே கைவிடப்பட்ட குழி ஒன்று 2 வயதுக் குழந்தையை விழுங்கியது. நாடே 4 நாள் பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு மீட்க முடியவில்லை.

ஆகவே, விதி எழுதினால் மட்டும் போதாது. வீட்டுக்கு வந்து பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்! டெங்கு பரவும் காலத்தில் சுகாதார ஊழியர் வீடு வீடாக நுழைந்து, தொட்டி மூடியைத் தூக்கி, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறார். கொசு வளரவிடுவது குற்றம் என்பது 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. கொசுவுக்காகத் தூக்கும் அதே மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் அவர் பார்க்கட்டுமே! வீட்டுப் பிளானுக்கு அனுமதி கொடுக்கும்போதே, தொட்டிக்கும் குட்டைக்கும் தடுப்பு எங்கே என்று பஞ்சாயத்து கேட்கட்டுமே!

வங்காளதேசமும் நம்மைப்போல நெல் விளையும் ஆற்றுப்படுகைதான். வீட்டுக்கு வீடு குளம். பிள்ளைகள் மூழ்குவது பெரும்பாலும் தாய்மார்கள் வேலையில் இருக்கும் காலை 9 மணி முதல் பகல் 1 மணிக்குள் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்துக்குக் கிராமத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களை அமைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. நம் ஊர்களில் அங்கன்வாடி இருக்கிறது. நடவுக் காலத்தில் இன்னும் சின்னக் குழந்தைகளையும் அங்கே விட ஏற்பாடு செய்தால் என்ன?

சர்க்கார் செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கொல்லை வாசலுக்கு இடுப்பளவு மூங்கில் படல் கட்ட அரை நாள் வேலைதான். தாழ்ப்பாளை வெளிப்புறத்தில், உயரத்தில் வைக்க வேண்டும். கீழே வைத்தால் 3 வயசுப் பிள்ளை மறுநாளே திறந்துவிடும்!