வண்டியைத் தூக்கலாம்... ஆளைத் தூக்கிப் போடலாமா?

இன்டர்னல்ஸ் எல்லாம் முடிஞ்சு மூச்சு விட்டாச்சா? போன வாரம் செயின் ஸ்பிராக்கெட்டோட மல்லுக்கட்டினோம். இந்த வாரம் நாலு சக்கரம். அதுவும் மலை ஏறுற நாலு சக்கரம்!

திண்டுக்கல்ல மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கடிதம் போட்டிருக்கார். அப்படியே தர்றேன்.

'அண்ணா, எங்க வீடு தாண்டிக்குடி பக்கம். அப்பாகிட்ட பழைய ஜிப்ஸி ஒண்ணு இருக்கு. காப்பித் தோட்டத்துக்கு அதுலதான் போவோம். பாதை முழுக்க கல்லும் பள்ளமும். நாலு இன்ச் தூக்கி, பின்னாடி ரெண்டு பட்டா சேர்த்து, பெரிய டயர் மாட்டினா சும்மா கிழிச்சுக்கிட்டுப் போகும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா, அம்மாவுக்கு முதுகுவலி. இப்பவே வண்டியில ஏற மாட்டேங்கிறாங்க. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக்கூட பஸ்ஸுக்குத்தான் காத்து நிக்கிறாங்க. ஆஃப்-ரோடு வண்டின்னா சொகுசை மறந்துடணுமா?'

மறக்கவே வேணாம் தம்பி. 'கரடுமுரடான ரோட்டுக்கு கல்லு மாதிரி சஸ்பென்ஷன்தான் சரி'ங்கிறது நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஓடிட்டிருக்கிற வதந்தி. உண்மை நேர் எதிர். அம்மா முதுகுக்கு எது நல்லதோ, பெரும்பாலும் அதுதான் பள்ளத்துல சக்கரத்துக்கும் நல்லது.

முட்டைக் கூடை தத்துவம்

ஃபிரான்ஸ்ல சிட்ரோயன் கம்பெனி, கிராமத்து விவசாயிகளுக்காக ஒரு கார் யோசிச்சாங்க. 'உழுத வயல்ல ஓட்டிட்டுப் போனாலும் கூடையில இருக்கிற முட்டை உடையக் கூடாது'ங்கிறதுதான் டிசைனர்களுக்கு வெச்ச டெஸ்ட்னு சொல்வாங்க. 1948-ல அந்த 2சிவி வெளியே வந்தது. சஸ்பென்ஷன் அவ்வளவு சாஃப்ட்!

அடுத்து 1970-ல ரேஞ்ச் ரோவர். அதுக்கு முன்னாடி வரைக்கும் லேண்ட் ரோவர்னா லீஃப் ஸ்பிரிங்தான். இதுல நாலு சக்கரத்துக்கும் நீளமா அசையுற காயில் ஸ்பிரிங் வெச்சாங்க. சொகுசும் கூடுச்சு, மலை ஏறுற திறமையும் கூடுச்சு.

ஏன் இப்படி? ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல வரும்போது, ஸ்பிரிங் இளகிக் கொடுத்தா சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொடும். இறுகிக் கிடந்தா அந்தரத்துல தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டியில, அந்தரத்துல தொங்குற சக்கரம் மட்டும் சும்மா சுத்தும். பக்கத்துச் சக்கரத்துக்கு இழுவை கிடைக்காது. வண்டி அங்கேயே 'ஙே'ன்னு நிக்கும். ஸோ, இளகுற சஸ்பென்ஷன்தான் இழுவை!

ஜிப்ஸி ஏன் குதிக்குது?

மாருதி ஜிப்ஸி 1985-ல வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2019-ல முடிஞ்சது. போலீஸ், ராணுவம், ராலின்னு எல்லா இடத்துலயும் கலக்கின வண்டி. முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், நாலு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். அதாவது நம்ம ஊர் பட்டா. லாரி பட்டாவுல அடிச்ச அரிவாள்னு சொல்வாங்களே, அதே இரும்பு வகையறாதான்.

வெறும் வண்டி ஏறத்தாழ ஒரு டன்தான். ஆனா, ஆளும் மூட்டையும் நிறைஞ்சாலும் தாங்குற மாதிரி ஸ்பிரிங் வெச்சிருக்காங்க. அதனால ரெண்டு பேர் மட்டும் போனா ஸ்பிரிங்குக்கு வேலையே இல்ல. கல்லு மேல ஏறுற அடி நேரா சீட்டுக்கு வருது. போதாக்குறைக்கு, பட்டாக்கள் ஒண்ணோட ஒண்ணு உரசும். வருஷக்கணக்கா துருவும் சேறும் சேர்ந்தா அந்த உரசல் இன்னும் கூடும். சின்னச் சின்ன அதிர்வுக்கு ஸ்பிரிங் அசையவே அசையாது.

கொஞ்சம் கணக்கு... பயப்படாதீங்க!

மெஷின் டிசைன் பேப்பர்ல மார்க் வாங்க மட்டும் படிச்சதை இங்கே யூஸ் பண்ணலாம். பட்டாவோட விறைப்பு, அதோட தடிமனின் மூணாவது அடுக்கைப் பொறுத்தது. தடிமனை 10 சதவிகிதம் கூட்டினா விறைப்பு 33 சதவிகிதம் எகிறும். நாலு பட்டா இருக்கிற கட்டுல அதே அளவுல இன்னும் ரெண்டு சேர்த்தா விறைப்பு தோராயமா ஒன்றரை மடங்கு. 'சும்மா ரெண்டு பட்டா'ன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றது எவ்வளவு பெரிய மேட்டர்னு புரியுதா?

இன்னொரு கணக்கு. வண்டி எடையில ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குதோ, அதை வெச்சே வண்டி எவ்வளவு வேகமா மேல கீழ ஆடும்னு சொல்லிடலாம். 25 செ.மீ. அமுங்கினா விநாடிக்கு 1 தடவை. 10 செ.மீ.ன்னா சுமார் 1.6. வெறும் 5 செ.மீ.ன்னா 2.2. விநாடிக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை வரைக்கும் நம்ம உடம்புக்கு சுகம். நடக்கும்போது பழகின தாளத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதுக்கு மேல போகப் போக எரிச்சல். நாலுல இருந்து எட்டு வரைக்கும் வர்ற மேல்-கீழ் அதிர்வுலதான் உடம்பு ரொம்பவே நோகும்.

செலவு கம்மியில இருந்து ஆரம்பிங்க

*ஒண்ணு, காத்து.* ஐந்து பைசா செலவில்லாத சஸ்பென்ஷன் டயருக்குள்ளதான் இருக்கு. தோட்டத்துப் பாதை ஆரம்பிக்கிற இடத்துல கம்பெனி சொன்ன அளவுல இருந்து கால் பங்கு குறைச்சுப் பாருங்க. டயர் கல்லை அணைச்சுக்கிட்டுப் போகும். ஆனா, மூட்டை ஏத்தியிருந்தா குறைக்காதீங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிச்சே ஆகணும். காத்து குறைஞ்ச டயர் வேகமாப் போனா சூடாகி வெடிக்கும். ஸோ, ஒரு காத்து மீட்டரும் 12 வோல்ட் பம்பும் வாங்கறதுதான் முதல் அப்கிரேட்.

*ரெண்டு, சுத்தம்.* பட்டாக் கட்டைக் கழட்டி, துரு தேய்ச்சு, கிராஃபைட் கிரீஸ் போட்டு மாட்டச் சொல்லுங்க. உடைஞ்ச பட்டா இருக்கான்னு அப்பவே தெரிஞ்சுடும். ரப்பர் புஷ் எல்லாம் புதுசு. யு போல்ட்டும் புதுசு. ஒரு சின்ன ரகசியம்: ரப்பர் புஷ் போல்ட்டை, வண்டி தரையில நிக்கும்போதுதான் கடைசியா இறுக்கணும். அந்தரத்துல தூக்கி வெச்சு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். பழைய வண்டியில பாதி நோவு இந்தக் கட்டத்துலயே தீர்ந்துடும்.

*மூணு, ஷாக் அப்சார்பர்.* வண்டி எடையைத் தாங்குறது ஸ்பிரிங். அது போடுற ஆட்டத்தை அடக்குறது ஷாக். ஆயில் கசியுதான்னு பாருங்க. மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கிற டெஸ்ட் பட்டா வண்டியில ஏமாத்தும். ஏன்னா, பட்டா உரசலே ஆட்டத்தை நிறுத்திடும். நைட்ரஜன் நிரப்பின ஷாக் நல்லது. தொடர்ந்து குலுங்கினாலும் ஆயில் சுலபத்துல நுரைக்காது. அதுக்காக 'இருக்கறதுலயே ஹார்டானது குடுங்க'ன்னு கேட்டுடாதீங்க. அம்மா திரும்ப பஸ் ஸ்டாப்புக்குப் போயிடுவாங்க!

*நாலு, ஸ்பிரிங்.* மேலே சொன்ன மூணும் செஞ்ச பிறகும் திருப்தி இல்லைன்னா மட்டும் இங்கே வாங்க. பாரபாலிக் பட்டான்னு ஒண்ணு இருக்கு. நடுவுல தடியா, ஓரத்துக்குப் போகப் போக மெலிசா இருக்கும். நிறைய பட்டாவுக்குப் பதிலா ரெண்டு, மூணே போதும். நடுவுலயும் முனையிலயும் தவிர உரசாது. ஆனா, உரசல் போயிடறதால ஆட்டத்தை அடக்குற வேலை முழுக்க ஷாக் தலையில விழும். அதுக்கு ஏத்த ஷாக்கோட ஜோடியா வாங்கணும். வாங்கும்போது 'எத்தனை இன்ச் தூக்கும்?'னு கேக்காதீங்க. 'எத்தனை கிலோவுக்கு?'னு கேளுங்க. வழக்கமா எத்தனை பேர், எத்தனை மூட்டைன்னு நிஜக் கணக்கைச் சொல்லுங்க. வருஷத்துல பத்து நாள் வர்ற அறுவடைச் சுமைக்கு ஸ்பிரிங் போட்டா, மிச்ச நாளெல்லாம் முதுகு உடையும்.

'விறைப்பு குறையட்டும்'னு இருக்கிற கட்டுல ஒரு பட்டாவை உருவிப் போடறதும் வேணாம். மூட்டை ஏத்துற வண்டியில மிச்சப் பட்டாக்கள் தாங்காம தொய்யும், உடையும்.

நாலு இன்ச் கெத்துக்கு என்ன விலை?

வண்டியைத் தூக்கினா எடை மையமும் மேல போகும். மலைப்பாதை வளைவுல அது ஜோக் இல்ல. பிரேக் ஹோஸ் இழுபடும். புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி அதிரும். நீள ஷேக்கிள் போட்டுத் தூக்கினா முன் ஆக்சில் சாய்ஞ்சு காஸ்டர் கோணம் கெடும். திருப்பின ஸ்டீயரிங் தானா நேருக்கு வராது. பழைய ஷாக் நீளம் பத்தாம, சக்கரத்தைக் கீழே இறங்க விடாமப் பிடிச்சுக்கும். எதுக்குத் தூக்கினோமோ அதுவே காலி! பெரிய டயரோ ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடையைக் கூட்டும். கனமான சக்கரம் கல்லுல ஏறி இறங்கும்போது அடியும் பலமா விழும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில பதிவான விவரங்கள் கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறும்படி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்லயும் சிக்கல் வரலாம். தேய்ஞ்ச பாகத்துக்கு அதே அளவுல புதுசு மாட்டறதுக்கு இந்தப் பயம் வேணாம். அதைத் தாண்டி எது செய்யறதா இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

ஸோ, தம்பிக்கு தீர்ப்பு...

நாலு இன்ச், ரெண்டு பட்டா, பெரிய டயர் மூணும் கேன்சல். காத்து, சுத்தம், புஷ், நல்ல ஷாக், இந்த வரிசையில போங்க. ஒவ்வொண்ணு செஞ்ச பிறகும் அதே பாதையில, அதே வேகத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. பின் சீட்ல ஒருத்தர் மடியில பாதி தண்ணி நிரப்பின பாத்திரத்தை வெச்சு, எவ்வளவு சிந்துதுன்னு குறிச்சு வெச்சுக்குங்க. முட்டை விக்கிற விலைக்கு இது சீப்!

சரி மக்களே... உங்க வண்டியில என்ன சத்தம், எங்க வலின்னு எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம்: மழைக்காலத்துல பிரேக் 'கீச்'சுன்னு கத்துதே, ஏன்? வர்ட்டா!