துப்பாக்கி லைசென்சும் மனைவியின் சம்மதமும்

கோவில்பட்டிக்கு அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் சிறிய தீப்பெட்டி ஆபீஸ் ஒன்று நடத்துகிறவர். சனிக்கிழமைதோறும் கூலிப் பட்டுவாடாவுக்காக டவுனிலிருந்து ரொக்கம் எடுத்துக்கொண்டு, ஓடைப் பாலத்தையும் வேலிக்கருவைக் காட்டையும் தாண்டி இருட்டும் நேரத்தில் ஊர் திரும்புகிறார். ஒரு நாள் இருவர் வண்டியை மறித்தார்களாம். எதிரே லாரி வந்ததால் தப்பினார். அது முதல் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கிவிட வேண்டுமென்று இருக்கிறார். மனு தயார். ஆனால் வீட்டில் ஒரே ரகளை. தாயார் கூடாதென்கிறார். மனைவியோ, "துப்பாக்கி இந்த வாசலுக்குள் வந்தால் நானும் பிள்ளைகளும் எங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறோம்" என்கிறாராம். ஆகையால் பெண்களுக்குத் தைரியம் வரும்படி நாலு வார்த்தை எழுதிப் புத்தி சொல்ல வேண்டுமென்பது நண்பரின் வேண்டுகோள்.

எழுதுகிறோம். ஆனால் புத்தி யாருக்கு வேண்டும் என்பதில்தான் நமக்கும் நண்பருக்கும் அபிப்பிராய பேதம்.

முதலில் தாயாரின் ஆட்சேபணை. ஜோசியர் "மகனுக்கு ஏழரைச் சனி, புது இரும்பு ஆகாது" என்றாராம். வீட்டிலுள்ள அரிவாளும் மண்வெட்டியும் கொழுவும் எந்த உலோகமென்று அந்த ஜோசியரை யாரும் கேட்கவில்லை போலும். இதை நாம் தள்ளிவிடலாம். ஆனால் நண்பரும் சளைத்தவரல்லர். துப்பாக்கி வந்ததும் அய்யனார் காலடியில் வைத்துப் பூசை செய்த பிறகே எடுப்பதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அய்யனார் கையில் ஆளுயர அரிவாள் இருந்தும் அவர் உண்டியலுக்குப் பூட்டு எதற்கு என்று நண்பர் ஒரு தரமாவது யோசித்ததுண்டா?

நிற்க. மனைவியின் ஆட்சேபணை அப்படிப்பட்டதன்று. அந்த அம்மாள் சனியையும் சொல்லவில்லை, சாமியையும் சொல்லவில்லை. "உங்கள் கோபத்துக்குப் பயந்துதான் சொல்கிறேன்" என்றிருக்கிறார். அதற்கு நண்பரின் சமாதானம், "நான் கோபக்காரன்தான், ஆனால் ஐந்து நிமிஷத்தில் தணிந்துவிடுவேன்" என்பது. அந்த ஐந்து நிமிஷத்தைப் பற்றித்தான் அந்த அம்மாள் பேசுகிறார்!

இது பெண்ணின் வீண் பயமல்ல என்பதற்கு ஆதாரமுண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 2004 முதல் 2016 வரையிலான கணக்கை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர் கொலையுண்டு சாவது, துப்பாக்கியில்லாத வீட்டில் வாழ்கிறவரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். வீட்டுக்குள்ளேயே கணவன் அல்லது துணையால் சுடப்பட்டுச் சாவது சுமார் ஏழு மடங்கு. அப்படிச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதே தேசத்தில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள்.

"அது அமெரிக்கா, நம் ஊர் வேறு" என்று நண்பர் சொல்லலாம். சரி, நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பருத்திக்கு அடிக்க வாங்கி வைத்த மருந்து, புருஷன் பெண்சாதி சண்டையன்றும் கடன்காரன் வாசலில் நின்றன்றும் யார் வயிற்றுக்குள் போயிற்று என்பதைக் கரிசல் கிராமத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மருந்து குடித்தவரை ஆஸ்பத்திரிக்காவது தூக்கிக்கொண்டு ஓடலாம்.

இனி, திருடனிடமிருந்து துப்பாக்கி காக்குமா என்று பார்ப்போம். 1911 ஜூன் 17-ஆம் தேதி, இந்தக் கரிசல் சீமையிலேயே, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதன் அரசியலை இங்கே பேச வரவில்லை. பட்டப்பகலில் ஜில்லா அதிகாரி ஒருவர் மனைவியோடு வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே காரியம் முடிந்துபோயிற்று. அவர் மடியில் துப்பாக்கி இருந்திருந்தாலும் எடுக்க நேரமேது? மறிக்கிறவன் முன்கூட்டியே தயாராக வருகிறான், மறிக்கப்படுகிறவனுக்கோ ஒரு கை வண்டியிலும் மறு கை பணப்பையிலும் இருக்கிறது. அன்று சுட்ட வாஞ்சிநாதனும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டார். ஆக, விதவையானவர் இரண்டு பெண்கள்.

தப்பித் தவறி நண்பர் முந்திக்கொண்டு சுட்டுவிட்டாலும் சட்டமிருக்கிறது. தற்காப்பு உரிமை உண்டுதான். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதையே சொல்கின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்றால் கோர்ட்டு எளிதில் ஒப்பாது.

அப்படியானால் துப்பாக்கி மேல் இவ்வளவு ஆசை எங்கிருந்து வந்தது? கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-க்கு இரண்டு வருஷம் கழித்து, கம்பெனியார் பாளையக்காரர் கோட்டைகளை இடித்து ஆயுதங்களையும் பறித்தார்கள். பிறகு 1878-இல் வந்த ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரருக்கு விலக்கு, பட்டம் பெற்ற கனவான்கள் பலருக்கும் விலக்கு, பாக்கிப் பேருக்குத்தான் லைசென்ஸ். அது முதல் ஜமீன் சுவரில் மாட்டிய இரட்டைக் குழல் "நாங்கள் வேறு, நீங்கள் வேறு" என்று ஊருக்குச் சொல்லும் பலகையாயிற்று. 1959-இல் வேறு சட்டம் வந்தும் அந்தப் பலகையின் மோகம் போகவில்லை. நண்பரின் பயம் நிஜம். ஆனால் அதன் பக்கத்தில் இந்தப் பவிசும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதா என்று அவரே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பயம் ஒரு சனிக்கிழமைக்கு மட்டுமல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) 3-ஆவது விதியில், அபாயமுள்ள பகுதிகளில் அவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க இடமிருக்கிறது. ஆனால் அதே விதி அதற்கு முன்னால் சொல்வது, மற்றவர்களின் லைசென்சை ரத்து செய்து ஆயுதங்களை வாங்கி வை என்பது. அந்த விதிகள் வந்த அதே வருஷம் ஆகஸ்டு 31-இல் ஓட்டப்பிடாரம் தாலுகா கொடியன்குளத்தில் பெரும் போலீஸ் படை புகுந்து அவர்கள் வீடுகளை நொறுக்கியது. அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் சுடுவதற்கு ஒரு சாக்குத்தான் கிடைத்திருக்கும். ஆகையால் வலியவன் கையிலிருப்பதை முதலில் வாங்கு என்பதே நம் கட்சி.

நண்பர் விஷயத்துக்கு வருவோம். கனடா தேசத்தில் லைசென்ஸ் கேட்கிறவன் மனுவில் மனைவியும் கையெழுத்திட வேண்டும். அவள் போடாவிட்டால் அதிகாரி அவளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். பிரிந்துபோனவளுக்கும், இரண்டு வருஷத்துக்கு உட்பட்டவளானால், இந்த உரிமையுண்டு. பீரோவில் துப்பாக்கி, அதே அறையில் அவளுக்குப் படுக்கை. அவளைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? இங்கும் அப்படி ஒரு விதி வரவேண்டும். வரும்வரை நண்பர் தாமாகவே அந்த விதிக்குக் கட்டுப்படலாமே! துணிக்கடையில் சேலை எடுக்கும்போது மட்டும் சம்மதம் கேட்டுவிட்டு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் "உனக்கென்ன தெரியும்" என்பது என்ன நியாயம்?

பணத்துக்கு வழியில்லாமலில்லை. கூலியைப் பாங்குக் கணக்கில் போடலாம். ரொக்கந்தான் வேண்டுமென்று கூலியாட்கள் சொன்னால், பட்டுவாடாவைப் பகலுக்கு மாற்றி, இருவராக, வாராவாரம் ஒரே நேரம் ஒரே பாதை என்றில்லாமல் போய் வரலாம். மறித்த இருவரைப் பற்றி நண்பர் இதுவரை போலீசில் எழுதிக் கொடுக்கவில்லை என்பதும் கடிதத்திலிருந்து தெரிகிறது. கேட்டால் "எதற்கு வம்பு" என்பாராயிருக்கும்.

இந்த இதழை அவர் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லட்டும். அந்த அம்மாளுக்கு இதில் ஆட்சேபணையிருந்தால் அவரே நமக்கு எழுதலாம். அதை அடுத்த வாரம் இதே இடத்தில் பிரசுரிப்போம்.