அக்ரிமென்டில் என் பெயர்

சென்னையில் நாலு நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்தால், “இங்க எல்லாரும் சமம்” என்று அடித்துச் சொல்பவர்கள் மூன்று பேர்தான். நாலாவது ஆள் வாயைத் திறக்க மாட்டான். அவன் பெயரில்தான் அக்ரிமென்ட் இருக்கும். வேளச்சேரியில் எங்கள் வீட்டில் அந்த நாலாவது ஆள் நான்.

வீட்டுக்காரம்மா முன்னால் நான் குற்றவாளி, நண்பர்கள் முன்னால் நான் வீட்டுக்காரன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவனோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்திருப்பான். காலையில் படியிறங்கும்போது, “என்ன தம்பி, நேத்து மேல கபடியா?” என்ற கேள்வி எனக்கு. அதை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தால், “என்னடா, ஹவுஸ் ஓனர் கணக்கா பேசுற?” என்ற பதிலும் எனக்குத்தான்.

பெயர் எப்படி ஏறியது என்று கேட்கிறீர்களா? கையெழுத்துப் போடும் நாளில் ஒருத்தன் வேலை மாறப் போவதாகச் சொன்னான். இன்னொருத்தனுக்கு ஆதாரில் அப்பா பெயர் தப்பாக இருந்தது. மூன்றாமவன் ஊரிலிருந்து வந்துகொண்டே இருந்தான், கிளாம்பாக்கத்தில் இறங்கி இன்னும் மாநகரப் பேருந்து கிடைக்கவில்லை என்றான். “உனக்குத்தான் மச்சி நல்ல பையன் மூஞ்சி” என்று பேனா என் கைக்கு வந்தது.

அந்த மூஞ்சி தேவைப்பட்டதும் உண்மைதான். கல்யாணமாகாத ஆண்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கதவைத் தட்டினால், பாதி வீடுகளில் கிரில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே “ஃபேமிலிக்கு மட்டும்தாம்பா” என்று முடித்துவிடுகிறார்கள். இப்படித் திருப்பி அனுப்பப்படும் ஆண்களுக்காகத்தான் திருவல்லிக்கேணியில் மேன்ஷன்கள் எழுந்தன. வீட்டுக்காரர்களின் இந்தப் பயத்துக்கு வேளச்சேரியில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கிகளைக் கொள்ளையடித்ததாகத் தேடப்பட்ட ஐந்து பேரை 2012 பிப்ரவரியில் இதே வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வைத்துப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகுதான் குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுக்காரம்மா அந்தச் சம்பவத்தை நேற்று நடந்தது போலச் சொல்கிறார். “பாக்க நல்ல பசங்களாத்தான் இருந்தாங்களாம் தம்பி” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் ஆதார் நகலை இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் வெளியார் செய்வது, பழகிவிடும். உள்ளே நடப்பதற்கு வருகிறேன்.

முதலில் அட்வான்ஸ். வாடகை 24,000. ஐந்து மாத அட்வான்ஸ் 1,20,000, ஆளுக்கு 30,000. 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ‘வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்தச் சின்ன இடுக்கு வழியாக ஊரே நுழைந்துபோகிறது. பத்து மாதம் கேட்டு வாங்கிய ஊரில் ஐந்துக்கு இறங்கி வந்ததே பெரிய மனசு என்று வீட்டுக்காரம்மா நினைக்கிறார். சரி, அவரோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. வழக்கெல்லாம் என் ஆட்களோடு.

நாலு பேரில் ஒருத்தன் பெங்களூருக்குப் போனான். போகிறவன் தன் 30,000-ஐ எடுத்துக்கொண்டு போவான், வருகிறவன் கொடுப்பான் என்பது எழுதாத விதி. வருகிறவன் கிடைக்க நாளானது. அந்த இடைவெளியில் காலியாகக் கிடந்த கட்டிலுக்கு வாடகை யார் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? போகிறவனுக்கோ பெங்களூரில் அட்வான்ஸ் கட்ட அவசரம். “மச்சி, நீ இப்ப குடுத்துடு, புதுசா வர்றவன்கிட்ட வாங்கிக்க” என்றான். கொடுத்தேன். அக்ரிமென்டில் பெயர் இருப்பவனிடம் பணமும் இருக்கும் என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது போல.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னை வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாய் வாஷர் மாற்றுவதும் அடைப்பு எடுப்பதும் குடியிருப்பவர் பொறுப்பு என்று அந்தச் சட்டமே அட்டவணை போட்டுச் சொல்கிறது. ஆனால் அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் அட்டவணை. பிடிக்கிற 24,000 கடைசியில் மிஞ்சியிருக்கும் நாலு பேர் தலையில் ஆளுக்கு 6,000 என்று விழும். சுவரில் மூன்று இடத்தில் ஆணியடித்து, தலையில் எண்ணெயோடு சாய்ந்து சாய்ந்து ஒரு வட்டத்தையே வரைந்துவிட்டுப் போனவன் பெங்களூரில் முழுசாக 30,000-ஐ வைத்துக்கொண்டு இருக்கிறான். அவன் இடத்துக்கு வந்தவன் இப்போதே சொல்லிவிட்டான்: “நான் வந்தப்பவே சுவரு இப்படித்தான் ப்ரோ இருந்துச்சு.” அவன் சொல்வது நியாயம். பெங்களூர்க்காரனிடம் இதைப் போனில் சொன்னால், “அதெல்லாம் காலி பண்ணும்போது பாத்துக்கலாம் மச்சி” என்பான். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நியாயமெல்லாம் அவர்களுக்கு, 6,000 எனக்கு.

அடுத்தது கரன்ட் பில். இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாச் சண்டைக்கும் மூலஸ்தானம் இதுதான்.

எங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர். அந்த மட்டுக்கும் புண்ணியம். பல வீடுகளில் வீட்டுக்காரரே சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு அவர் வாயில் வருகிற விலையை வாங்குகிறார். ரெண்டு பெட்ரூமில் ஒன்றில் ஏசி, இன்னொன்றில் மின்விசிறி மட்டும். ஏசி அறைக்காரர்கள் இருவரும் உத்தமர்கள். “ஏசிக்கு ஆகுறத நாங்க தனியா குடுத்துடுறோம்டா” என்று முதல் நாளே சொன்னார்கள். எவ்வளவு ஆகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்நாட்டில் ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500 யூனிட் வரை ஒரு கணக்கு. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும், தாண்டியதற்கு மட்டும் அதிகம் என்று விடுவதில்லை; பின்னாலேயே போய் 101-ஆவது யூனிட்டிலிருந்து மலிவு விலையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். நாங்கள் ஏசி இல்லாமல் 400-ஐ ஒட்டி நிற்கிற வீடு. மே மாதம் ராத்திரி முழுக்க ஏசி ஓடினால் 700-க்குப் போகிறது. அப்போது ஏசிக்காரர்கள் கணக்கு: கூடுதலாக 300 யூனிட், அதற்கு மட்டும் நாங்கள். மின்விசிறிக்காரர்கள் கணக்கு: உங்கள் 300 இல்லையென்றால் எங்கள் 400-க்கும் மலிவு விலைதானே, அந்த வித்தியாசத்தையும் நீங்களே கொடுங்கள். ரெண்டும் சரியான கணக்கு. மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாலும் இதற்குத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது.

அதிலும் நடு மாதத்தில் ஆள் மாறியிருந்தால்? ரீடிங் எடுக்க வருபவர் ரெண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறார், ஆட்கள் அவரைக் கேட்டுக்கொண்டா காலி செய்கிறார்கள்? நானே மீட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட ஆரம்பித்தேன். அதற்கு எனக்கு ‘லைன்மேன்’ என்று பட்டப்பெயர். பட்டப்பெயர் வைத்தவன்தான் ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவன். மின்விசிறி அறையில் படுக்கிற நானும், என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில்காரனும் கதவுக்கு அடியில் வருகிற குளிர்காற்றுக்காகக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்ததை அவன் இப்போது வாதமாக எடுத்து வைக்கிறான்: “ஹால்ல படுத்து நீங்களும்தானேடா ஏசி அனுபவிச்சீங்க.”

தண்ணீர் கேன் கதை சின்னது. இருபது லிட்டர் கேன் நாற்பது ரூபாய், மாடிக்குத் தூக்கிவந்தால் ஐந்து ரூபாய் கூட. அந்த ஐந்து ரூபாய்க்கு எதிராக ஓட்டுப் போட்ட மூன்று பேரும் இன்றுவரை ஒரு கேனையும் மாடிப்படியில் தூக்கியதில்லை. கேன் காலியாகப் போகிறது என்றால் டிஸ்பென்சரோடு சேர்த்துச் சாய்த்து, கடைசி டம்ளரைப் பிழிந்து குடித்துவிட்டு, அப்படியே சாய்ந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தீர்ந்துபோனது என்று சொன்னால் அடுத்த கேனைப் போடச் சொல்லிவிடுவார்களாம்.

சிங்க் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பாத்திரம் கழுவாமல் விடுவதில்லை. ‘ஊற வைக்கிறார்கள்.’ வியாழக்கிழமை உப்புமா சட்டி ஞாயிற்றுக்கிழமை வரை ஊறுகிறது. ‘வறுமையின் நிறம் சிவப்பு’ 1980-இல் வந்த படம். டெல்லியில் ஒரே அறையில் பசியோடு கிடக்கும் இளைஞர்களைப் பார்த்து என் அப்பா தலைமுறையே கண் கலங்கியது. நானும் கலங்கினேன். பசி ஞாபகம் இருக்கிறது, பாத்திரம் யார் கழுவினார்கள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சினிமாவில் நண்பர்கள் அறை என்றாலே பாட்டும் கும்மாளமும்தான். குப்பை வண்டி காலையில் மணியடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, ஈரக் குப்பை ஒரு கையிலும் உலர்ந்த குப்பை ஒரு கையிலுமாகக் கைலியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடுகிற ஒருவனை எந்த இயக்குநரும் காட்டவில்லை.

பிறகு விருந்தாளி. “ரெண்டு நாள் மச்சி, என் சித்தி பையன், இன்டர்வியூ முடிஞ்சதும் கிளம்பிடுவான்.” இன்டர்வியூ முடிந்தது. வேலையும் கிடைத்தது. அதனால்தான் கிளம்பவில்லை. ஆள் தங்கமான பையன், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான், அதனால் கேட்கவும் முடியவில்லை. வீட்டுக்காரம்மா தண்ணீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குபவர், அவருக்குத் தலைகளை எண்ணத் தெரியும். கொடியில் காயும் லுங்கிகளை வைத்தே எண்ணுகிறார். “அஞ்சாவது யாரு தம்பி?” என்று கேட்டார். எழுத்தில் சம்மதம் வாங்காமல் உள்வாடகைக்கு ஆள் வைக்கக் கூடாது என்பது சட்டத்திலும் இருக்கிறது, அக்ரிமென்டிலும் இருக்கிறது. சித்தி பையன் என்ன உள்வாடகையா கொடுக்கிறான்? வாடகையே கொடுக்கவில்லை என்பதுதானே என் புலம்பல். ஆனால் அதை அவரிடம் சொல்லித் தப்பிக்க முடியுமா?

என் ஆதங்கம் பணம் இல்லை. பணமும்தான், ஆனால் அது கொஞ்சம். மேன்ஷனில் முன்பின் தெரியாதவனோடு தங்கினால், “சார், உங்க பங்கு நாற்பது ரூபாய்” என்று கேட்கலாம், அவனும் எடுத்துக் கொடுப்பான், இருவருக்கும் மனசில் ஒன்றும் இருக்காது. நண்பனிடம் நாற்பது ரூபாய் கேட்க முடியாது. கேட்டால் “நாப்பது ரூபாய்க்குக் கணக்கு பாக்குறியா?” என்பான். கொடுக்காதவன் பெருந்தன்மைக்காரன், கேட்டவன் அல்பம். அல்பம் என்று பேர் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் செலவைப் பங்கு பிரிக்கிற ஸ்ப்ளிட்வைஸ் செயலியைப் போட்டோம். அதில் என் பெயருக்கு நேரே வரவேண்டிய தொகை பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டே போகிறது. பார்க்க வளமாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் போனிலிருந்து அந்தச் செயலி ‘மெமரி பத்தல’ என்று எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது.

இப்போது பதினோரு மாதம் முடியப் போகிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொன்னதிலிருந்து தப்பிக்க வந்த பதினோரு மாத வழக்கம் இது. புதிய சட்டப்படி எத்தனை மாத அக்ரிமென்டாக இருந்தாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றாகிவிட்டது, ஆனால் பதினோரு மாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. வீட்டுக்காரம்மா வாடகையை 2,000 ஏற்றி, புது அக்ரிமென்ட் எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

குரூப்பில் போட்டேன்: இந்தத் தடவை நாலு பெயர், நாலு கையெழுத்து, நாலு ஆதார். சித்தி பையன் இருந்தால் ஐந்து. ஏசி அறைக்கு வாடகையிலேயே வித்தியாசம் வைத்து எழுதிவிடலாம், பெயின்டிங்குக்கு இப்போதே மாதாமாதம் ஆளுக்கு 500 எடுத்து வைக்கலாம்.

முதல் நாள் பதிலே இல்லை, நீல டிக் மட்டும். மறுநாள் ஒருத்தன் ஆதாரில் அப்பா பெயர் இன்னும் திருத்தவில்லை என்றான். புதிதாக வந்தவன், “நான் எவ்ளோ நாள் இருப்பேன்னு தெரியல ப்ரோ” என்றான். கம்பளிக்காரன் மட்டும் நீளமாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினான். காலேஜில் ஒரே தட்டில் சாப்பிட்டதில் ஆரம்பித்து, பேப்பரில் எழுதிக்கொள்கிற உறவா நம்முடையது என்று கேட்டு, “பழைய மாதிரியே உன் பேர்லயே போட்டுடு மச்சி, நமக்குள்ள என்ன?” என்று முடித்திருந்தான்.

நமக்குள்ளே கேன் பாக்கி 315 ரூபாய், கரன்ட் பில் பாக்கி 1,180 ரூபாய் இருக்கிறது என்று திருப்பி எழுதினேன். க்யூ.ஆர். கோடையும் அனுப்பியிருக்கிறேன். பணம் வந்த பிறகு முத்திரைத்தாள் வாங்கப் போகிறேன். வராவிட்டால் வாங்குகிறவன் வேறு யாராவது இருக்கட்டும்.