லேபிள் யார் போடுவது?

ஆம்பூரில் தோல் ஷாப்பு பக்கம் போனவர்களுக்கு அந்த ஈயைத் தெரியும். வீட்டு ஈயை விடப் பெரிசு. சாம்பல் நிற முதுகில் மூணு கறுப்புக் கோடு, வயிற்றில் செஸ் போர்டு மாதிரி கட்டம், செங்கல் நிறக் கண். பேரு சதை ஈ. இது பொதுவாக முட்டை போடாது, உயிருள்ள புழுவாகவே போட்டுவிடும். பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிக் குவித்து வைக்கிற இடம் அதற்குக் கல்யாணப் பந்தி.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இந்த ஈதான். போட்டோவைக் கொடுத்தால் இனத்தின் பெயரைச் சொல்லும் மாடல். கேமரா வெச்சு நூற்றுக்கணக்கில் படம் எடுத்தோம். கோடு எழுதினோம். எல்லாம் ரெடி, லேபிள் மட்டும் இல்லை. எந்தப் படம் எந்த இனம்னு மாடலுக்கு முதல்ல யாராவது சொல்லணுமே!

உலகத்தில் சதை ஈ இனங்கள் மூவாயிரத்துக்கும் மேல். வெளியே பார்த்தால் பெரும்பாலும் ஒரே அச்சு. ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பை ஊசியால் மெல்ல வெளியே இழுத்து, மைக்ரோஸ்கோப்பில் அதன் வளைவையும் கொக்கியையும் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பெண் ஈ என்றால் நிபுணரே பல சமயம் கையை விரித்துவிடுவார். நாங்க எடுத்த படம் எல்லாமே முதுகுப் பக்கம்.

புது இனம் 'கண்டுபிடிப்பு' என்று செய்தி வரும்போது யாரோ வலை வீசிப் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிப்பது சின்ன வேலை. ஏற்கெனவே பெயர் வைத்த நெருங்கிய சொந்தங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு, எது எங்கே வேறு என்று எழுதி, வரைந்து, ஒரே ஒரு ஈயை மூல மாதிரியாக மியூசியத்தில் வைத்து, பெயரோடு வெளியிட்டால்தான் அது இனம். நம்ம ஊர்களில் சாதாரணமாகத் தென்படும் ருஃபிகார்னிஸ் என்ற சதை ஈக்கு ஃபாப்ரிசியஸ் பெயர் வைத்தது 1794-இல். 1924-இல் சீனியர்-வைட் இந்தப் பக்கத்துச் சதை ஈக்களை மொத்தமாகத் திரும்பப் பார்த்து எழுதினார். 2002-இல் நந்தி எழுதிய புத்தகத்தை இந்திய விலங்கியல் ஆய்வகம் வெளியிட்டது. நூறு வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற ஆட்கள்.

"டிஎன்ஏ பார்த்தா போதுமே மச்சான்?" என்றான் டீம்மேட். அந்த வரிசையை எதோடு ஒப்பிடுவ? அங்கேயும் பெயர் போட்டது ஊசி பிடித்த ஒருத்தர்தானே.

இது வெட்டி வேலை இல்லை. பிணத்தில் கிடைக்கும் புழுவை வைத்து இறந்த நேரத்தைக் கணிப்பார்கள்; இனம் தப்பானால் நேரமும் தப்பு. மாட்டின் புண்ணில் புழு வைக்கிற ஈக்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. 1996-இல் சுப்ரீம் கோர்ட் நம்ம வேலூர் தோல் வழக்கில் தீர்ப்பு சொன்னபோது 35,000 ஹெக்டேர் நிலம் பாழானது என்ற கணக்கு கையில் இருந்தது. யாரோ நடந்து போய் அளந்த கணக்கு. இங்குள்ள ஈக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்கிறேன். மாடலுக்குக் கிடைக்கும் மார்க்கில் பாதியாவது லேபிள் போடுகிறவருக்குக் கொடுங்கள்.

அடுத்த ரிவ்யூவில் அக்யூரசி எவ்வளவு என்று கேட்பார்கள். பக்கத்துக் காலேஜில் ஜுவாலஜி படிக்கும் ஒரு அக்கா ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இதுவரை பதினோரு ஈக்கு லேபிள் போட்டாச்சு. ரெண்டு ஈ எந்தப் படத்தோடும் ஒத்துப்போகலை. புது இனம்னு குதிக்காதீங்க, நான் உடைச்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.