டொக்டர் பஷீரும் சீஃப் ஓ'பிரையனும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். இடமாற்றம், பரீட்சைப் பெறுபேறு, ஊர் அரசியல் எதுவும் இதில் இல்லை. ஒரு பழைய ஆங்கில டீவி நாடகத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "சேருக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்பவர்கள் கேட்கலாம், லீவு நாள்தானே.

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்கு "எனது உற்ற நண்பன்" என்று கட்டுரை கொடுத்தேன். ஆண் பிள்ளைகளில் அநேகம் பேர் நாலு வரியோடு முடித்திருந்தார்கள். பெயர், எந்த வகுப்பு, கிரிக்கெட் நன்றாக ஆடுவான், பேனை தருவான். ஒரு பையன் மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய வாப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கூட்டாளி தினமும் வீட்டுக்கு வந்து ஒன்றும் கதைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை எழுதியிருந்தான். எனக்கு அது பிடித்துப் போய் வகுப்பில் சத்தமாக வாசித்தேன். பின் வரிசையிலிருந்து "ஊ..." என்று ஒரு சத்தம். பிறகு வகுப்பே சிரித்தது. அந்தப் பாடம் முடியும்வரை அவன் தலையைத் தூக்கவில்லை. அவனிடம் கேட்காமல் வாசித்தது என் பிழை. அடுத்த நாள் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை. பதினான்கு வயதிலேயே இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, ஒரு ஆண் இன்னொரு ஆணை நேசிப்பதாகச் சொன்னால் அது சிரிக்க வேண்டிய விஷயம் என்று?

அப்போதுதான் டீப் ஸ்பேஸ் நைன் ஞாபகம் வந்தது.

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த தொடர் அது. 1993இல் தொடங்கி 1999இல் முடிந்தது, 7 சீசன். நான் பார்த்தது அதற்குப் பல வருஷம் கழித்து. ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த மாதங்களில், ஊரில் கம்பியூட்டர் வைத்திருந்த ஒரு கூட்டாளியின் அறையில், சப்டைட்டில் கூட இல்லாமல் பார்த்தோம். பாதி விளங்காது. அவன் நிறுத்தி நிறுத்தி விளங்கப்படுத்துவான். என் ஆங்கிலம் கொஞ்சமாவது நிமிர்ந்தது அந்த அறையில்தான் (என் ஆங்கில ஆசிரியர்கள் மன்னிக்கவும்).

கதை ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கிறது. வேற்றுக் கிரகவாசிகள், யுத்தம், அரசியல் எல்லாம் உண்டு. அதற்குள்ளே இரண்டு ஆண்களின் நட்பு ஏழு வருஷமாக மெதுவாக வளர்கிறது. ஒருவர் டொக்டர் ஜூலியன் பஷீர். மெடிக்கல் கொலீஜில் இருந்து நேரே வந்த இளம் பொடியன், வாய் ஓயாது, தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. மற்றவர் மைல்ஸ் ஓ'பிரையன். நிலையத்தின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சீஃப். வயதில் மூத்தவர், யுத்தம் கண்டவர், மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். ஆனால் பதவியில் பஷீர்தான் மேலே. மூத்தவர் இளையவரை "சேர்" என்று கூப்பிட வேண்டும். நம் பாடசாலைகளில் இருபத்தாறு வயதில் அதிபர் சேவைக்குள் வந்தவரை ஐம்பது வயது ஆசிரியர் கூப்பிடும்போது முகம் போகும் போக்கை யோசித்துப் பாருங்கள், ஓ'பிரையனின் முகம் அதேதான்.

பஷீராக நடித்தவர் சித்தீக் எல் ஃபாதில், பிறகு அலெக்ஸாண்டர் சித்தீக் என்று பெயரை மாற்றிக்கொண்டார். சூடானில் பிறந்தவர். அந்த நாட்டின் பிரதமராக இருந்த சாதிக் அல் மஹ்தி அவருக்கு மாமா முறை. 1993இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பஷீர் என்ற பெயரோடு ஒரு டொக்டர், அதுவும் நல்லவராக! அன்று எங்களுக்கு அதுவே பெரிய சந்தோஷம். ஓ'பிரையனாக வந்தவர் அயர்லாந்து நடிகர் கொல்ம் மீனி.

முதல் சீசனில் இருவரையும் ஒரு சின்னக் கப்பலில் சேர்த்து அனுப்புகிறார்கள். டொக்டர் கதைத்துக்கொண்டே வருகிறார், சீஃப் எப்போது இறங்குவோம் என்று இருக்கிறார். தன்னை ஜூலியன் என்று கூப்பிடச் சொல்கிறார் டொக்டர். மனுஷனுக்கு அந்தப் பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. இரண்டாம் சீசனில் விளையாட்டில் போட்டி. இளையவன் மிக நன்றாக ஆடுகிறான், மூத்தவருக்கு மூச்சு வாங்குகிறது, தோல்வியை ஒப்புக்கொள்ளவும் மனமில்லை.

அதே சீசனில் வரும் "ஆர்மகெடான் கேம்" என்ற எபிசோடில்தான் முதல் திருப்பம். இரண்டு கிரகத்தார் தங்களுடைய பயங்கரமான உயிரியல் ஆயுதத்தை அழிக்க இவர்களைக் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும், அந்த இரகசியம் தெரிந்த எல்லோரையும் கொல்ல முடிவெடுக்கிறார்கள். இருவரும் ஒரு இடிந்த கட்டடத்தில் ஒளிகிறார்கள். ஓ'பிரையனுக்கு அந்தக் கிருமி தொற்றிக் காய்ச்சல் ஏறுகிறது. தொடர்பு சாதனத்தை டொக்டர்தான் திருத்த வேண்டும், சீஃப் படுத்தபடி சொல்லிக் கொடுக்கிறார். கை வேலை நடக்கும்போது கல்யாணத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். இப்படி ஆபத்தான உத்தியோகத்தில் இருப்பவன் ஒரு பெண்ணைக் கட்டுவது அவளுக்குச் செய்யும் அநியாயம் என்பது இளையவனின் கட்சி. சாகக் கிடக்கும் மூத்தவர் அதை ஏற்கவில்லை, கல்யாணத்தைப் போல ஒரு சாகசம் வேறில்லை என்கிறார்.

எனக்கு அதில் பிடித்தது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்து கதைக்காததுதான். இருவர் கண்ணும் அந்தச் சாதனத்தில். ஆண்கள் அப்படித்தான் கதைப்பார்கள். மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது, வலை இழுக்கும்போது, கெரம் போர்டில் பவுடர் போடும்போது. நேரே உட்கார வைத்து "மனசுல என்ன" என்று கேட்டால் "ஒண்டுமில்ல" என்றுதான் பதில் வரும்.

மூன்றாம் சீசனில் ஒரு காட்சி. இருவரும் குடித்திருக்கிறார்கள் (அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்). முதலில் உன்னை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது என்கிறார் ஓ'பிரையன். இப்போது? இப்போது அப்படி இல்லை என்கிறார். அவ்வளவுதான். அவரால் முடிந்தது அவ்வளவு. பஷீருக்கு அது போதும், அதன் பெறுமதி அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் மனிதர்களை அச்சில் வார்த்த மாதிரி இல்லையா?

சண்டையும் வருகிறது. நான்காம் சீசனில் எதிரிப் படையினரை ஒரு போதையிலிருந்து விடுவிக்க பஷீர் மருந்து தேடுகிறார். அவர் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓ'பிரையன் கட்டளையை மீறி அந்த ஆராய்ச்சியையே அழித்துவிடுகிறார். அன்றிரவு வழக்கமாக ஆடும் டார்ட்ஸ் ஆட்டம் நடக்கவில்லை. சில நாள் போகட்டும் என்கிறார் டொக்டர். மன்னிப்பு, கண்ணீர் எதுவும் இல்லை. சில நாள் போகட்டும், அவ்வளவே. யார் செய்தது சரி என்று நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் விடியும்வரை தர்க்கப்பட்டோம். நான் டொக்டர் பக்கம், கூட்டாளி சீஃப் பக்கம்.

இனி நான் எழுத வந்த எபிசோட். "ஹார்ட் டைம்", 1996.

வேறொரு கிரகத்தில் ஓ'பிரையனை உளவாளி என்று பிடிக்கிறார்கள். அங்கே சிறைச்சாலை கிடையாது. இருபது வருஷச் சிறை வாழ்க்கையின் ஞாபகத்தை மூளைக்குள் ஏற்றிவிடுகிறார்கள். வெளியே கழிந்தது சில மணித்தியாலங்கள், உள்ளே இருபது வருஷம். வீட்டுக்கு வந்த மனிதர் தரையில் படுக்கிறார். சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்து ஒளித்து வைக்கிறார். கருவிகளின் பெயர் மறந்து போய்விட்டது. ஆலோசகரிடம் போகச் சொன்னால் போவதில்லை. சிறையில் தனியாகவே இருந்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

பஷீர் விடாமல் துரத்துகிறார். ஒரு கட்டத்தில் ஓ'பிரையன் முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிடுகிறார், உன் நண்பன் அந்தச் சிறையில் செத்துப் போய்விட்டான், என்னை விடு என்று. அன்றைக்கு டொக்டர் போய்விடுகிறார். பிறகு மகள் மொலி விளையாடக் கூப்பிட்டபோது அவளை அடிக்கக் கை ஓங்கிவிடுகிறார் ஓ'பிரையன். தன்னைப் பார்த்துத் தானே பயந்து களஞ்சிய அறைக்குப் போகிறார். இனி உயிரோடு இருக்கக் கூடாது என்ற முடிவோடு.

அங்கே பஷீர் வந்து நிற்கிறார். அப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. சிறையில் அவர் தனியாக இருக்கவில்லை. ஈச்சார் என்று ஒரு துணை, இருபது வருஷம் அவரைப் பைத்தியமாகாமல் வைத்திருந்த நண்பர். கடைசியில் பட்டினி நாட்களில், ஈச்சார் சாப்பாட்டை ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்து அவரை அடித்துக் கொன்றுவிட்டார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

"அது நடக்கவில்லை, ஏற்றிவிட்ட ஞாபகம்தானே" என்று பஷீர் சொல்லியிருக்கலாம். வைத்திய ரீதியாக அது சரியும் கூட. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் அந்த வழியில் போகவில்லை. நீ மிருகமாகிப் போயிருந்தால் இப்படி வருந்தமாட்டாய், உன்னிடமிருந்து மனிதத் தன்மையைப் பிடுங்கப் பார்த்தார்கள், அதை அவர்களுக்குக் கொடுத்துவிடாதே என்கிறார். ஆயுதத்தை வாங்கிக்கொள்கிறார். ஒரே நாளில் எல்லாம் சரியாகவும் இல்லை. மருந்து எடுக்க வேண்டும், ஆலோசகரிடம் போகத்தான் வேண்டும்.

அடுத்த வருஷம் முறை மாறுகிறது. பஷீர் சின்ன வயதில் படிப்பில் மிகப் பின்தங்கிய பிள்ளை. முதலாம் வகுப்பில் நாயையும் பூனையையும் பிரித்தறியத் திணறியவர். பெற்றோர் களவாகக் கூட்டிப்போய் மரபணுவை மாற்றி அவரைக் கெட்டிக்காரனாக்கியிருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம், வெளியே தெரிந்தால் உத்தியோகமே போகும். தற்செயலாகத் தெரிந்துகொண்ட ஓ'பிரையன் நேரே அவரிடம்தான் வருகிறார். அந்தச் சிகிச்சை உனக்கு மூளையைக் கொடுத்திருக்கலாம், நல்ல மனதை அது கொடுக்கவில்லை என்று சொல்கிறார். ஆசிரியராக அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப் பரிசிலுக்குப் பிள்ளைகளைப் பிழியும் நாங்கள், சந்தர்ப்பம் கிடைத்தால் அந்தப் பெற்றோர் செய்ததைச் செய்யமாட்டோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? அது தனிப் பதிவுக்கான விஷயம், விடுகிறேன். எபிசோட் எப்படி முடிகிறது தெரியுமா? டார்ட்ஸ் ஆட்டம். இவ்வளவு நாள் எனக்கு விட்டுக் கொடுத்தா ஆடினாய் என்று கேட்டு டொக்டரைப் பின்னால் தள்ளி நிற்க வைக்கிறார் சீஃப். அங்கிருந்தும் நடுவிலேயே குத்துகிறது. அப்படியென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடு என்கிறார்.

இப்போது அந்தக் கூட்டாளியின் கதை. அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் போடாதே என்றான்.

நான் கல்வியியற் கல்லூரிக்குப் போன வருஷம் அவன் வெளிநாடு போனான். பதினொரு வருஷம். போன வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டான். அங்கே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்த புதிதில் இரண்டு தரம் போனேன். "எப்படி மச்சான்?" "அல்ஹம்துலில்லாஹ்." அதோடு கதை முடிந்தது. மூன்றாம் தரம் அவனுடைய உம்மா வாசலுக்கு வந்து, தூங்குகிறான் மகன் என்றார். ஜன்னலில் அவன் நிழல் தெரிந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பிறகு எட்டு மாதம் நான் அந்த ஒழுங்கைப் பக்கமே போகவில்லை. பாடசாலை வேலை, பிள்ளைகள், வீடு என்று காரணங்கள் தயாராக இருந்தன. பள்ளிவாசலில் கண்டால் தலையை ஆட்டிக்கொள்வோம். ஊரில் அவனைப் பற்றிப் பலதும் கதைத்தார்கள், பெருமை பிடித்துவிட்டது, கடன், மருந்து என்று. நானும் நின்று கேட்டிருக்கிறேன், மறுத்துப் பேசியதில்லை.

பஷீருக்கும் வாசலில் அதே பதில்தான் கிடைத்தது. அவர் திரும்பவும் போனார். இருவருக்கும் இடையிலிருந்த பாசம் எங்களுக்கு இடையில் இருந்ததைவிடக் கூட என்று நான் நம்பவில்லை.

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுதுவிட்டுப் போனேன். கையில் பவுடர் டப்பா. உம்மா ஏதோ சொல்ல வந்தார். "பரவாயில்ல மாமி, நான் இருந்து பார்க்கிறேன்" என்று திண்ணையில் உட்கார்ந்தேன். முக்கால் மணித்தியாலம். பிளேன்டீ இரண்டு தரம் வந்தது. பிறகு அவன் வெளியே வந்தான், மெலிந்திருந்தான். என்னைப் பார்க்காமல் உள்ளே போய் பழைய கெரம் போர்டைத் தூக்கி வந்து தூசி தட்டினான். ஒரு காய் குறைந்தது, பதிலுக்கு ஒரு போத்தல் மூடி வைத்தோம்.

மூன்று ஆட்டமும் அவன்தான் வென்றான். மூன்றாவது ஆட்டத்தில், ஸ்ட்ரைக்கரைப் பார்த்தபடியே, "அந்த மருந்தை சீஃப் அழிச்சது சரிதான்" என்றான்.

"பிழை" என்றேன்.

மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை தர்க்கப்பட்டோம். போன ஞாயிறும் போனேன். அன்றைக்கு வெளிநாட்டில் நடந்ததில் கொஞ்சம் சொன்னான், அதை இங்கே எழுதமாட்டேன். ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வருகிற புதன்கிழமை போக வேண்டுமாம், தனியாகப் போக விருப்பமில்லை என்றான். அரை நாள் லீவுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.

யாரிடமாவது பழைய கெரம் காய் ஒன்று இருந்தால் இன்பொக்ஸ் பண்ணுங்கள். கறுப்பு.